பிடி முசே வீட்டுக்கு டீசல் வந்த ஞாயிற்றுக்கிழமை

சைகோனைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள் என்று சரித்திரப் புத்தகங்களில் எழுதியிருக்கிறது. எழுதினவர்கள் யாரும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. வந்திருந்தால், ஒரே ஒரு சொல்லால் கவர்னரைக்கூட எழுந்து நிற்க வைக்கக்கூடிய மனிதர் ஒருவர் அங்கே குடியிருந்தார் என்பதையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். அந்த மனிதர் பிடி முசே. அந்தச் சொல், ‘பிடி’.

முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. காரைக்கால், புதுச்சேரி, காரைக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன நாங்கள் எல்லோரும் அங்கே ஒருவருக்கொருவர் முசேதான். இவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சுங்க ஆபீஸில் குமாஸ்தா. அங்கே சம்பளம் வாங்குவதற்கு அந்தப் பெயரை உபயோகித்து வந்தார் என்று கேள்வி. மற்ற எல்லாக் காரியத்துக்கும் பிடி முசே போதுமானதாக இருந்தது.

எங்கள் வீடு துறைமுகத்துக்குப் போகிற சரக்கு ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ஒட்டி என்றால், ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் வேகன் மேல் சாக்குக்கட்டியால் எழுதியிருப்பதை அழித்துவிடலாம். எங்களோடு இருந்த கணக்கப்பிள்ளை ஒரு நாள் அழித்தும் விட்டார். அந்த வேகன் அரிசி எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்ததோ, யார் வயிறு நிறைந்ததோ, இன்றுவரை தெரியாது.

பக்கத்து ஊரான சோலோன் ஆலைகளிலிருந்து அரிசி மூட்டை போகும். துறைமுகத்திலிருந்து சிமெண்டும் இரும்பும் வரும். ஒவ்வொரு வண்டிக்கும் வீடு முழுவதும் குளிர் காய்ச்சல் கண்டவன் மாதிரி ஆடும். பானை நகரும், படம் விழும், மேசை தானாக வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரும். வாடகை குறைவு என்று நாங்கள் ஆறு பேர் சேர்ந்து பிடித்த வீடு அது. ஏன் குறைவு என்பது குடிபோன அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது.

இந்த அராஜகத்தை அடக்கி ஒரு சட்டம் கொண்டுவந்தவர் பிடி முசே. வண்டி வருகிறது என்றால் அவர் ‘பிடி’ என்பார். உடனே ஆளுக்கொரு சாமானைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சமையல்காரர் தங்கசாமிக்கு ரசப் பானை. எனக்கு விளக்கின் கண்ணாடிக் கூடு. செட்டியார் கடையில் வேலை பார்த்த கணக்கப்பிள்ளைக்கு அவர் காரைக்குடியிலிருந்து கொண்டுவந்த முருகன் படம். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் அண்ணன் தம்பி இருவருக்கு அலமாரியின் இரண்டு பக்கம். மாதா சுரூபம் மட்டும் பிடி முசேயின் சொந்தப் பொறுப்பு. கடைசி வேகன் தாண்டிய பிறகு அவர் ‘விடு’ என்பார். அதுவரைக்கும் வைக்கக் கூடாது, நகரக் கூடாது. பேசியும் பயனில்லை, ஸ்டீம் எஞ்சின் சத்தத்தில் அவனவன் குரல் அவனவனுக்கே கேட்காது.

அந்த நேரத்தில் பிடி முசே மட்டும் பேசுவார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சுரூபத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்து திறந்து மூடுவார். என்ன சொல்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆபீஸ் துரையைத் திட்டுகிறார் என்பது கணக்கப்பிள்ளையின் கட்சி. தன் சமையலைத் திட்டுகிறார் என்பது தங்கசாமியின் மனக்குறை. எஞ்சின் போன பிறகு கேட்டால், “அது எனக்கும் மாதாவுக்கும் உள்ள விவகாரம், தம்பி” என்று முடித்துவிடுவார்.

விருந்தாளிக்கும் சட்டம் ஒன்றுதான். வீட்டுக்குள் கால் வைத்தால் கையில் ஏதாவது வந்துவிடும். தபால்காரர் ஒரு தடவை எங்கள் பூனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முசேக்குக் காய்ச்சல் நிஜமா பொய்யா என்று பார்க்க அவருடைய பிரெஞ்சுக்காரத் துரை வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தபோது, சிமெண்டு வண்டி வந்து தொலைத்தது. காய்ச்சல்காரர் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்து ‘பிடி’ என்றார். துரைக்குக் கிடைத்தது நூக் மாம் ஜாடி. நூக் மாம் என்றால் மீனை உப்பில் ஊறப்போட்டு எடுக்கிற சாறு. அந்த ஊரில் அது இல்லாமல் ஒரு வாய் இறங்காது. துரை அந்த ஜாடியைக் கட்டிப்பிடித்தபடி கடைசி வேகன் வரைக்கும் நின்றார். அதற்குப் பிறகு பிடி முசேக்கு எத்தனை நாள் காய்ச்சல் வந்தாலும் ஆபீஸிலிருந்து யாரும் பார்க்க வரவில்லை.

பழக்கம் முற்றிப்போய், வீட்டுக்கு வெளியிலும் அவர் கை சும்மா இருக்காது. காலுக்குக் கீழே லேசாக ஏதாவது அதிர்ந்தால் எதிரில் உள்ளதைப் பிடித்துவிடுவார். இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில், ஆர்கன் பெட்டியின் அடித்தொண்டைச் சத்தத்துக்குப் பலகை அதிர, கண்ணை மூடியிருந்த பிடி முசே முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவரின் வழுக்கைத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பாட்டு முடிகிறவரைக்கும் விடவில்லை.

பெரியவர் காரைக்கால்காரர். கடலோரக் கலங்கரை விளக்கத்தில் ஆயுசு முழுக்க விளக்கேற்றி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, ஒரே மகள் பிலோமினாவோடு சைகோனில் குடியிருந்தார். பூசை முடிந்ததும் திரும்பிப் பார்த்து, என்னவென்று நினைத்துப் பிடித்தீர்கள் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். கூஜா என்று நினைத்தேன் முசே, என்று இவர் உண்மையைச் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற பிலோமினா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பிடி முசே அந்தச் சிரிப்பைப் பார்த்தார். அன்றோடு மனிதரின் குடி முழுகிப் போயிற்று.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் எல்லாம் அந்தத் தலையைப் பிடித்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போனார். ஒரு தலைக்கு இத்தனை மன்னிப்பு உலகத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிலோமினா கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் சின்னக் குழந்தைகளுக்கு டீச்சர். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தவள். நம்ம ஆளுக்கு நாற்பது. மன்னிப்பு எங்கே போகிறது என்று பெரியவருக்குப் புரியாமல் இல்லை. ஒரு நாள் கோயில் வாசலிலேயே கேட்டுவிட்டார்.

“எம் பொண்ணுக்கு நாள் பூரா வகுப்புல பிள்ளைங்க கூச்சல். வீட்டுக்கு வந்தா காதுக்கு ஓய்வு வேணும், முசே. சத்தமுள்ள வீட்டுக்கு நான் அவளை அனுப்ப மாட்டேன். உங்க வீடு எப்படி?”

பிடி முசே சொன்னார்: “கோயில் மாதிரி இருக்கும், முசே.”

அப்படியானால் வருகிற ஞாயிறு மத்தியானம் மகளோடு சாப்பிட வருகிறேன் என்று பெரியவர் சொல்லிவிட்டார்.

முசே வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கணக்கப்பிள்ளை சிரித்த சிரிப்பில் முருகன் படம் தானாகவே ஆடியது. ஆனால் முசே சிரிக்கவில்லை. சுவரோரமாக உட்கார்ந்துகொண்டு, “எனக்கு இது அமைஞ்சா அமைஞ்சது, இல்லாட்டி இனிமே இல்ல” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு நாங்களும் சிரிக்கவில்லை. ஆறு பேரில் ஒருவனுக்காவது விடியட்டும் என்று எல்லோரும் களத்தில் இறங்கினோம்.

ஞாயிறு மத்தியானம் சரக்கு வண்டி கிடையாது. அப்படியே தப்பித் தவறி வந்தாலும் பக்கத்து வீட்டு பா ஹாய் இருக்கிறாள். அந்த வியட்நாம் அம்மாள் துணி வெளுத்துப் பிழைப்பவள். தூரத்தில் புகை தெரிந்தாலே, கரித்தூள் விழுந்துவிடும் என்று கொடியிலுள்ள துணியை எல்லாம் உருவிக்கொண்டு உள்ளே ஓடுவாள். எங்களுக்கு அவள் கொடிதான் சிக்னல். துணி உள்ளே போனால், விருந்தாளிகளைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய் வாழைமரத்தைக் காட்டிப் பேச்சுக் கொடுப்பது என்று ஏற்பாடு. வீடு பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று, நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்துக்காகப் பானையையும் படத்தையும் கட்டிவைக்கிற கயிறுகளை எல்லாம் அவிழ்த்துவிட்டோம். இங்கேதான் விதி உட்கார்ந்து சிரித்திருக்க வேண்டும்.

பெரியவர் வந்தார். பிலோமினாவும் வந்தாள். முசே கஞ்சி போட்ட கோட்டில் மூச்சு விடச் சிரமப்பட்டுக்கொண்டு வரவேற்றார். பெரியவர் நேராக ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தார். கலங்கரை விளக்கத்தில் இருந்தவருக்கு ஜன்னலைக் கண்டால் அங்கேதான் கால் போகும் போலிருக்கிறது.

“முசே, இது என்ன தண்டவாளம்?”

“அது பழசு முசே. துருப்பிடிச்சுக் கெடக்குது. வண்டி வர்றதெல்லாம் நின்னு போச்சு.”

“துருப்பிடிச்சதா? முகம் பாக்கலாம் போல பளபளன்னு இருக்குதே?”

தங்கசாமி சமையல் கட்டிலிருந்து தலையை நீட்டி, “நாங்கதான் அப்பப்ப தொடச்சு வெப்போம்” என்றார். பெரியவர் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்தார்.

சாப்பாடு நன்றாகத்தான் போனது. குழம்பு தாண்டி ரசத்துக்கு வந்துவிட்டோம். நான் சாப்பிட்டதைவிட பா ஹாயின் கொடியைப் பார்த்ததுதான் அதிகம். துணி எல்லாம் வெயிலில் நிம்மதியாகக் காய்ந்துகொண்டிருந்தது. அப்போது என் தட்டிலிருந்த ரசத்தில் வளையம் வளையமாகக் கோடு ஓட ஆரம்பித்தது.

துறைமுகத்துக்குப் புதிதாக டீசல் எஞ்சின் வந்து இறங்கியிருக்கிறது என்று அந்த அண்ணன் தம்பிகள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். புகை கிடையாதாம், கரி கிடையாதாம், தகரப் பெட்டி மாதிரி இருக்குமாம். இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். புகை இல்லாத எஞ்சினுக்கு பா ஹாய் எதற்காகத் துணி எடுக்கப் போகிறாள் என்று ஆறு பேரில் ஒரு புத்திசாலிக்கும் தோன்றவில்லை. அது எங்கள் பாதையில் முதன்முதலாக ஓடுவதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் பார்த்து எடுத்திருந்தது.

முசேயின் உள்ளங்கால் காதைவிடக் கூர்மை. தரை அதிர்ந்தது தெரிந்ததோ இல்லையோ, மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள், மானம், மரியாதை எல்லாம் மறந்துபோய் ‘பிடி’ என்று ஒரு போடு போட்டார். கை கழுவக்கூட நேரமில்லை. நான் விளக்குக் கூட்டைப் பிடித்தேன். கணக்கப்பிள்ளை முருகனைத் தூக்கினார். அண்ணனும் தம்பியும் அலமாரிக்குத் தாவினார்கள். தங்கசாமி இரண்டு கையிலும் சோற்றுத் தட்டு வைத்திருந்ததால், ரசப் பானையை முசேயே எடுத்துப் பெரியவர் கையில் திணித்துவிட்டு, மாதா சுரூபத்தை அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

டீசல் எஞ்சின் வந்தது. வந்து, எங்கள் ஜன்னலுக்கு நேராக நின்றது. முன்னால் துறைமுகக் கேட் திறக்கவில்லை போலிருக்கிறது. ஸ்டீம் எஞ்சினாக இருந்தால் ஊரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கும். இது நின்ற இடத்திலேயே, தொண்டை கட்டிய எருமை மாதிரி, ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு நின்றது. தரை விடாமல் அதிர்ந்தது. ஆனால் ஒரு ஈ பறந்தால்கூடக் கேட்கும். சாமானை வைக்கவும் முடியாது. கடைசி வேகன் எங்கேயோ பின்னால் நிற்கிறது, ‘விடு’ சொல்ல வேண்டியவர் கண்ணை மூடியிருக்கிறார். அவர் வழக்கம்போல் வாயைத் திறந்தார்.

அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் குரல் எங்கள் காதில் விழுந்தது. தெருக்கோடி வரைக்கும் விழுந்திருக்கும்.

“மாதாவே, பொய் சொல்லிட்டேன் தாயே. வீடு அமைதின்னு சொல்லிட்டேன். பெரியவரு மூஞ்சியப் பாத்தா கண்டுபிடிச்சிட்டாருன்னுதான் தெரியுது. அவரு தலையக் கூஜான்னு நெனச்சது தப்புதான், ஆனா பிடிக்கிறதுக்கு வாட்டமாத்தான் இருந்துச்சு.”

நான் இருமினேன். கணக்கப்பிள்ளை முருகன் படத்தால் அவரை இடித்துப் பார்த்தார். முசே அசையவில்லை. வண்டி ஓடுகிறது என்று கால் சொல்லும்போது, காது சொல்வதை அவர் எங்கே கேட்கப் போகிறார்?

“பிலோமினா எனக்குக் கெடைக்காட்டியும் பரவால்ல தாயே. அது சிரிக்கிற சிரிப்பு கொறயாத வீடாப் பாத்துக் குடு. அப்புறம் தெனமும் சொல்றதுதான். கணக்கப்பிள்ளை மக பொறந்து இன்னும் மொகம் பாக்கல, அவர ஒருவாட்டி கப்பல் ஏத்தி விடு. முருகன்கிட்டயும் சொல்லிட்டேன், ரெண்டு பேரும் ஒரே அலமாரிலதான இருக்கீங்க, பேசி ஒரு முடிவுக்கு வாங்க. தங்கசாமிக்குக் கால் வீக்கம் வடியணும். ரசத்துல உப்பு கூடிப்போவுது, சொன்னா மனசு ஒடஞ்சிருவான், நீயே அவன் கையக் கொஞ்சம் பிடிச்சுக்க. அண்ணன் தம்பிங்க தலையில மூட்டை விழாமப் பாத்துக்க. நம்ம தம்பி பாட்டு எழுதுறான். அத எவனாச்சும் அச்சுல போடணும், இல்லாட்டி எங்களுக்குப் படிச்சுக் காட்டறத அவன் நிறுத்தணும். ரெண்டுல எது உனக்குச் சுலபமோ அதச் செய் தாயே.”

துறைமுகக் கேட் திறந்தது. எஞ்சின் ஒரு செருமல் செருமிவிட்டு நகர்ந்தது. கடைசி வேகன் போனதும் முசே ‘விடு’ என்று சொல்லிக் கண்ணைத் திறந்தார். யாரும் எதையும் விடவில்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கசாமி சோற்றுத் தட்டைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பா ஹாய் நின்று எட்டிப் பார்த்தாள். முசேயின் முகத்தில் மெதுவாக ரத்தம் ஏறியது.

“கேட்டுச்சா?” என்றார்.

பெரியவர் ரசப் பானையைப் பதனமாகத் தரையில் வைத்தார். அவர் பேச ஆரம்பித்தபோது, கோபமா இல்லையா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை.

“நான் விளக்குமேல இருந்தப்ப காத்து அடிக்கிற நேரம் பாத்து என் வீட்டுக்காரிகிட்டப் பேசுவேன். அவ செத்த பிறகும் பேசினேன். யாருக்கும் கேக்காதுல்ல. அங்க மனுசன் பொய் பேச மாட்டான்.” மகள் பக்கம் திரும்பினார். “அமைதியான வீட்ல இவரு என்ன பேசுவாருன்னு எனக்குத் தெரியாது பிலோமி. சத்தத்துல என்ன பேசுறாருன்னு கேட்டுட்டேன். எனக்கு அது போதும். காது உன்னோடது, நீ சொல்லு.”

பிலோமினா, இன்னும் விளக்குக் கூட்டோடு நின்ற என்னையும், முருகனோடு நின்ற கணக்கப்பிள்ளையையும், அலமாரியின் இரண்டு பக்கமும் ஒட்டியிருந்த அண்ணன் தம்பிகளையும் வரிசையாகப் பார்த்தாள்.

“ஒத்த வார்த்தைக்கு இத்தனை பேர் எந்திரிச்சு நிக்கிறாங்க, அப்பா. என் வகுப்புல ஒரு நாளாவது இது நடந்திருக்கா?” என்றாள். பிறகு சிரித்தாள். முசே கையிலிருந்து நழுவிய மாதாவை நல்லவேளையாக நான் பிடித்துக்கொண்டேன்.

இதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். அடுத்த நாளே ஒரு அரிசி வண்டி, பழைய ஸ்டீம் எஞ்சின், ஆட்டிக்கொண்டு வந்தது. முசே ‘பிடி’ என்றார், சுரூபத்தை அணைத்துக்கொண்டார், வாயை மட்டும் இறுக்க மூடிக்கொண்டார். எல்லாம் தெரிந்துவிட்டது என்ற வெட்கம். சிமெண்டு வண்டிக்கும் அப்படியே, இரும்பு வண்டிக்கும் அப்படியே. எங்களுக்கு என்னவோ வீட்டுக் கூரையைக் கழற்றி எடுத்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் திட்டுகிறார் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருந்தோம். வேண்டிக்கொள்கிறார் என்று தெரிந்த பிறகு அது நின்றுபோனதைத் தாங்க முடியவில்லை. கடைசியில் தங்கசாமிதான் துணிந்தார். ரசத்தில் உப்பைக் குறைத்து, முதல் கரண்டியை முசே தட்டில் ஊற்றிவிட்டு, “வாயத் தொறங்க முசே. எங்களுக்கு வேற யாரு இருக்கா சொல்றதுக்கு?” என்றார். முசே ரசத்தைக் குடித்துப் பார்த்தார். அடுத்த வண்டிக்கு வாய் திறந்துகொண்டது.

கல்யாண அறிவிப்பைக் கோயிலில் வாசித்தபோது, சாமியார் வாய் நிறைய ஒரு பிரெஞ்சுப் பெயரைச் சொன்னார். பிலோமினாவைக் கட்டப் போகிற அந்த அயோக்கியன் யார் என்று நாங்கள் ஐந்து பேரும் கொதித்துப்போய் எழுந்துவிட்டோம். முசே எங்கள் சட்டைகளைப் பிடித்து இழுத்து, நான்தான் நான்தான் என்று கெஞ்சி உட்கார வைத்தார்.

அதே தண்டவாளத்தை ஒட்டி, எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில்தான் அவர்கள் குடிபோனார்கள். சாமான் தூக்கிக்கொண்டு நாங்கள்தான் கூடவே போனோம். வாசல் வரைக்கும் போய், மாதா சுரூபத்தைப் பிலோமினா கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிய நாங்கள் ஐந்து ஆண்பிள்ளைகளும் நடுத்தெருவில் நின்று அழுத அழுகையைப் பார்த்த பா ஹாய், மனிதர் கப்பலேறி ஊருக்கே போய்விட்டார் என்று நினைத்து, கொடியிலிருந்து ஒரு துணியை உருவிக் கொண்டுவந்து எங்களுக்குக் கண் துடைக்கக் கொடுத்தாள்.